சின்ன அறைக்கு வருபவர்

லீட்ஸ்
12 ஜனவரி 2025

அன்புள்ள றெஜி,

கடவுள் கிருபையால் நானும் அல்பேட்டும் சுகமாக இருக்கிறோம். குளிர் கூடினால் என் முழங்கால் மட்டும் முறைத்துக்கொள்கிறது. நீயும் மகள் றம்யாவும் எப்படி? உன் கழுத்துநோ குறைந்ததா?

ஏன் திடீரென்று கடிதம் என்று யோசிப்பாய். காதுக்கருவியைப் புதிதாக மாற்றியும் ரெலிபோனில் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. போன ஞாயிறு நீ "றம்யாவுக்குப் பரீட்சை முடிஞ்சுது" என்றாயாம். நான் "ஐயோ, எந்தப் பல்லு முறிஞ்சுது?" என்று கேட்டிருக்கிறேன். அல்பேட் இன்னும் சிரிக்கிறார். கைபேசியில் தட்டி எழுத என் விரல்களுக்குப் பொறுமை இல்லை. குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டால் கனடாவில் இருப்பவர்களெல்லாம் கருத்துச் சொல்ல வந்துவிடுகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் இத்தனை வருடம் படிப்பித்த கை இது. கடிதம் எழுத மறக்கவில்லை.

விஷயம் இதுதான். ஜூனில் அல்பேட்டுக்கு வேலையில் ஓய்வு. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கடற்கரைக்குப் போவதென்றால் காலையில் போய், சான்ட்விச் தின்று, மழையில் நனைந்து, மாலையில் திரும்புவதுதான். ஒரு கிழமையாவது கடலுக்குப் பக்கத்தில் படுத்து எழும்ப வேண்டும் என்கிறார். விட்பி என்று ஒரு பட்டினம் இருக்கிறது. ஆறு வந்து கடலில் விழும் இடம். மலைமேல் இடிந்த துறவிமடம், கீழே மீன்பிடிப் படகுகள். பக்கத்தில் ஸ்டெயித்ஸ், சாண்ட்ஸெண்ட், ரொபின் ஹூட்ஸ் பே என்று சின்னச் சின்ன ஊர்கள். அங்கே ஒரு கொட்டேஜ் எடுத்து செப்டெம்பர் முதல் கிழமை இருப்போம் என்று யோசிக்கிறேன்.

நீயும் றம்யாவும் வரவேண்டும். என் தம்பி விமலின் அடக்கத்துக்குப் பிறகு உன்னை நான் நேரில் காணவில்லை. அன்றைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை. வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
மொனிகா மச்சாள்

*

பலெர்மோ
2 பெப்ரவரி 2025

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசல் தபால்பெட்டிக்குள் தமிழ் எழுத்தைக் கண்டதும் படியிலேயே இருந்து வாசித்தேன். நாங்கள் இருவரும் நலம். கழுத்துநோ குறைவு. உங்கள் முழங்காலுக்காகவும் அல்பேட் அண்ணையின் பிரஷருக்காகவும் ஒவ்வொரு ஞாயிறும் மன்றாடுகிறேன்.

கட்டாயம் வருகிறோம். செப்டெம்பர் முதல் கிழமை, நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் மகள் மிலானோவிலிருந்து வந்து நிற்பாள். அதனால் லீவு கிடைக்கும். சிஞ்ஞோராவிடம் சொன்னபோது, "இங்கிலாந்துக் கடலா? அது குளிக்கிற கடல் இல்லை, பார்க்கிற கடல்" என்று சொல்லித் தன் கம்பளிச் சால்வையை இப்போதே எடுத்துத் தந்துவிட்டா. றம்யா படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுத் துள்ளுகிறாள். எங்கள் கோயில் பாடகர் குழுவில் இராயப்பு என்று ஒருவர் இருக்கிறார், நம் மன்னார்ப் பேசாலைக்காரர். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையல் வேலை. அவர் சொல்கிறார், அந்தப் பக்கத்துக் கடல் ஒரு நாளுக்குள்ளேயே வெகுதூரம் வற்றிப் பிறகு ஏறி வருமாம். உண்மையா?

கொட்டேஜில் எத்தனை அறை, மச்சாள்? படுக்க இடம் தாராளமாக இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் றெஜி

*

லீட்ஸ்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள றெஜி,

இங்கே பனி. நாங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தாலும் நோய்நொடி இல்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கொட்டேஜ் பார்த்தாயிற்று! ஆற்றுக்குக் கிழக்குப் பக்கம், மலையடிவாரத்தில், கல்லால் கட்டிய பழைய வீடு. கீழே குசினியும் விறாந்தையும். விறாந்தையில் இருந்தால் துறைமுகம் தெரியும். மேலே மூன்று அறை. பெரியது எங்களுக்கு. இரட்டைக் கட்டில் போட்ட அறை உனக்கும் றம்யாவுக்கும். மூன்றாவது மிகச் சின்னது, ஒற்றைக் கட்டில், கூரை சரிந்து தலையில் இடிக்கும். அதில் பெட்டிகளை வைப்போம்.

நாள்களையும் பிரித்துவிட்டேன். ஒரு நாள் சாண்ட்ஸெண்ட். சமதளமான கரை, என் காலுக்கு நல்லது. ஒரு நாள் ஸ்டெயித்ஸ். ஒரு நாள் ரொபின் ஹூட்ஸ் பே. அங்கே கடலுக்கு இறங்கும் தெரு கிணற்றுக்குள் இறங்குவது போல் இருக்குமாம். நான் மேலே இருந்துகொள்வேன். ஓம், கடல் வற்றும். உன் பாட்டுக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அறை எத்தனை என்று ஏன் கேட்டாய்? உன்னை எனக்குத் தெரியும், நீ சும்மா எதையும் கேட்கிறவள் இல்லை. யாராவது கூட வருகிறார்களா? றம்யாவுக்கு யாரும் இருந்தால் ஒளிக்காமல் சொல். நான் பழைய காலத்து மனுசி இல்லை.

அன்பு முத்தங்களுடன்,
மொனிகா மச்சாள்

*

பலெர்மோ
16 மார்ச் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னியுங்கள். சுகவீனம் ஒன்றும் இல்லை. தவக்காலம் என்பதால் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை, பிறகு பாட்டுப் பழக்கம். அங்கே உங்களுக்குக் குளிர் விட்டதா?

வீட்டுப் படத்தை றம்யா பெரிதாக்கிக் காட்டினாள். கதவு நீல நிறம், வாசலில் பூச்சட்டி. எனக்கு இப்போதே அந்தக் குசினியில் நின்று தேத்தண்ணீர் போடுவது போல் இருக்கிறது. போன கிழமை எங்கள் சுடுதண்ணீர் இயந்திரம் பழுதாகிவிட்டது. இராயப்பு வந்து திருத்தித் தந்தார். காசு வாங்காமல் போய்விட்டார். அடுத்த நாள் நல்ல மத்தி மீன் கொண்டுவந்து, அவரே வெட்டி, நம் ஊர்க் குழம்பாக வைத்தார். றம்யா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

றம்யாவைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் இன்னும் ஓராள் வருவதென்றால், அந்தச் சின்ன அறையில் படுத்தால், உங்களுக்கு இடைஞ்சலா? வேண்டாம் என்றால் வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு ஆறுதலாக எழுதுகிறேன்.

அண்ணையின் உடம்பைக் கவனியுங்கள்.

உங்கள் அன்பின்,
றெஜி

*

லீட்ஸ்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள றெஜி,

நலம், நலமறிய ஆவல். என் முழங்காலும் இந்தக் கிழமை சமாதானமாக இருக்கிறது.

பார்த்தாயா, நான் பிடித்துவிட்டேன்! கொட்டேஜைப் பதிந்தாயிற்று, ஐந்து பேர் என்று. வீட்டுக்காரப் பெண் பெயர்களைக் கேட்கிறா. அந்தப் பெடியனின் பெயர் என்ன? இத்தாலிக்காரனா, நம்முடைய ஆளா? கோயிலுக்குப் போகிறவனா? என்ன சாப்பிடுவான்? உறைப்புத் தாங்குவானா? சின்ன அறை அவனுக்கு. நடுவில் எங்கள் அறை. நான் தூக்கம் குறைந்தவள் என்று அவனிடம் சொல்லிவை.

அல்பேட்டிடம் சொன்னேன். "படிக்கிற பிள்ளை, இப்ப என்ன அவசரம்?" என்றார். நான் சொன்னேன், விமல் இருந்திருந்தால் முதலில் வீடே இடியக் கத்தியிருப்பான், பிறகு அவனே போய் அந்தப் பெடியனுக்குக் குளிருக்கு ஒரு ஜம்பர் வாங்கிக் கொடுத்திருப்பான் என்று. விமல் இல்லாதபடியால் கத்துகிற வேலையை விட்டுவிட்டு ஜம்பரை நான் வாங்கிவிட்டேன். கடும் நீலம், நல்ல கம்பளி. மீடியம் அளவு போதும்தானே?

அம்மா சாகும்போது விமலுக்கு ஆறு வயது. நான்தான் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அவனுடைய பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கும்போது நான் முகத்தைத் திருப்பவா?

பெயரை உடனே எழுது. உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள்.

அன்புடன்,
மொனிகா மச்சாள்

*

பலெர்மோ
27 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்களுக்கும் அண்ணைக்கும் பாஸ்கு வாழ்த்துகள். உங்கள் இருவரின் சுகத்துக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை றம்யா வாசித்துவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஜம்பர் என்ற இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "பஸ்தா, போதும் அம்மா! மாமி பாவம். இண்டைக்கே எழுதுங்கோ" என்று பேனையைக் கையில் தந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மச்சாள், சின்ன அறைக்கு வருபவர் றம்யாவின் சிநேகிதன் இல்லை. இராயப்பு. அவரும் நானும் கலியாணம் செய்ய யோசித்திருக்கிறோம்.

எழுதிவிட்டேன். இனிக் கிழிக்க மாட்டேன். இதற்கு முன் எழுதியவற்றையெல்லாம் கிழித்துவிட்டேன்.

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். பாட்டுப் பழக்கம் முடிந்து இரண்டு பேரும் ஒரே தரிப்பில் பஸ்ஸுக்கு நிற்போம். பலெர்மோவில் பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் இது நடந்தே இருக்காது. முதல் வருடம் மழையைப் பற்றிக் கதைத்தோம். அடுத்த வருடம் ஒருநாள் நான் விமலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. அவர் தம்பிமார் இருவரையும் படிப்பித்துக் கரையேற்றுவதிலேயே காலம் போய்க் கலியாணம் செய்யாமல் விட்டவர். உரத்துப் பேசுவார், மெல்லப் பேசத் தெரியாது. குடியில்லை. றம்யா அவரை அங்கிள் என்கிறாள், அவளுக்குப் பிடித்திருக்கிறது.

உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் அறையைக் கேட்டேன், கட்டிலைக் கேட்டேன், கடல் வற்றுமா என்று கேட்டேன். நீங்கள் விமலைப் பெறாமல் பெற்றவர். எனக்கு மாமியார் என்றாலும் நீங்கள்தான், சகோதரி என்றாலும் நீங்கள்தான். நீங்கள் வேண்டாம் என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் கேட்காமல் செய்ய மாட்டேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
றெஜி

*

லீட்ஸ்
15 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி றெஜிக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன். கடிதம் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறு. மொனிகாவுக்குத் தெரியாமல் நூலகத்தில் இருந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து நெடுநாள் ஆகிவிட்டது, பதில் இல்லை என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய். அவ அதை வாசித்துவிட்டு என்னிடமும் நீட்டினா. பிறகு ஒரு கிழமை வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்தா. நான் "றெஜிக்கு எழுதேல்லையோ?" என்று கேட்டால், காது கேட்காத மாதிரி இருக்கிறா. உண்மையில் கேட்காத நேரம் எது, கேட்காத மாதிரி இருக்கிற நேரம் எது என்று எனக்கு இத்தனை வருடத்தில் தெரியாதா?

நான் உனக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். கொட்டேஜை அவ ரத்துச் செய்யவில்லை. ஜம்பரும் கடைப் பையோடு வாசலில் தொங்குகிறது. திருப்பிக் கொடுக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. நேற்று அதைக் கடந்து போகும்போது கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போனா.

பொறுமையாக இரு. இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே.

அண்ணன்,
அல்பேட்

*

லீட்ஸ்
29 ஜூன் 2025

றெஜி,

சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். சுகமா? நான் சுகம்தான்.

எனக்குக் கோபம். எதற்கு என்று முதலில் தெளிவாகச் சொல்கிறேன். நீ ஒருவரைத் தேடிக்கொண்டதற்கு இல்லை. தை மாதத்திலிருந்து என்னைக் கட்டிலும் தலையணையும் பற்றி எழுதவைத்து, ஒரு பச்சைப் பிள்ளைமேல் கதை கட்டவைத்து, மீடியம் அளவு ஜம்பர் வாங்கவைத்தாயே, அதற்குத்தான் கோபம். என்னிடம் சொல்ல உனக்கு இவ்வளவு பயமா? நான் அப்படி என்ன மனுசி?

இதை எழுதிவிட்டு யோசித்தேன். அப்படிப்பட்ட மனுசியாகத்தான் இருந்திருக்கிறேன் போல. அடக்கத்துக்கு வந்தபோது, உன் கறுப்புச் சட்டையின் கைநீளம் போதாது என்று உன்னிடம் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல் அதைச் சொன்னேன்.

சரி. அவர் வரட்டும். உன் வயதில் ஒரு பெண் தனியாக இருக்கவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் விமலே எழும்பி வந்து என்னோடு சண்டை பிடிப்பான். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். அவர் விறாந்தையில் வந்து இருக்கும்போது என் முகம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. வாய்க்கு நான் பொறுப்பு. முகத்துக்குப் பொறுப்பெடுக்க மாட்டேன்.

சின்ன அறைதான். கலியாணம் முடியும்வரை நடுவில் எங்கள் அறை, அதில் மாற்றமில்லை.

அவருடைய ஜம்பர் அளவென்ன? கடைக்காரன் மாற்றித் தருவான்.

மொனிகா மச்சாள்

*

பலெர்மோ
16 ஜூலை 2025

என் அன்பு மச்சாளுக்கு,

எல்லோரும் நலம். வெயில் மட்டும் கல்லை உருக்குகிறது. நேற்று முன்தினம் சாந்தா றொசாலியா திருவிழா, இரவெல்லாம் ஊர் தெருவில் நின்றது. உங்கள் கடிதத்தை நான் கைப்பையில் வைத்துக்கொண்டே தேருக்குப் பின்னால் நடந்தேன். எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதேங்கோ.

அளவு எக்ஸ்எல். ஆனால் வேறொரு சிக்கல். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முகத்துக்குப் பொறுப்பெடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் கை காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு சொன்னார்:

"நான் வரேல்லை, றெஜி. நீங்கள் ரண்டு பேரும் அஞ்சு வருசத்துக்குப் பிறகு காணப்போறியள். அழுறதுக்கு ஆக்கள் இல்லாத இடம் வேணும். நான் இடையிலை நிண்டால் அந்த மனுசிக்கு அழவும் ஏலாது, சிரிக்கவும் ஏலாது. நீயும் பிள்ளையும் போட்டு வாங்கோ. நான் பிறகு ஒருக்கா வாறன்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கிறார் இல்லை. ஆகவே நாங்கள் இருவர் மட்டும் வருகிறோம். சின்ன அறையில் நீங்கள் முதலில் சொன்ன மாதிரிப் பெட்டிகளை வைப்போம். அந்த மனிதரைத் தவறாக நினைக்காதேங்கோ.

உங்கள் றெஜி

*

லீட்ஸ்
24 ஜூலை 2025

அன்புள்ள றெஜி,

சுகம், சுகம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் சொன்னது நியாயம்தான். வாசித்ததும் எனக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்தது. அந்த மதிப்பு வந்தபடியால்தான் சொல்கிறேன், அவர் வரவேண்டும். பிறகு வாறன் என்றால் எப்போது? எனக்கு அறுபத்து மூன்று. பிறகு, பிறகு என்று தள்ளிப்போட்டால் நான் அவரை மனதுக்குள் வைத்துப் பேயாக வளர்த்துவிடுவேன். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

இதை அப்படியே வாசித்துக் காட்டு: தம்பி இராயப்பு, அல்பேட்டும் நானும் உங்களைக் கூட்டிவர மன்செஸ்ரர் விமானநிலையத்துக்கு வருவோம். காரில் ஐந்து இருக்கை. ஒன்று காலியாக வந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மீன் சமைக்கத் தெரிந்தவர் என்று கேள்வி. எனக்கு முள்ளு எடுக்கப் பொறுமையில்லை, எடுத்துத் தரவேண்டும்.

அவ்வளவுதான். சால்வையை மறக்காமல் கொண்டு வா.

மொனிகா மச்சாள்

*

பலெர்மோ
21 செப்டெம்பர் 2025

என் அன்பான மச்சாளுக்கு,

விட்பியிலிருந்து நாங்கள் மூவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். வந்த அன்றே சிஞ்ஞோரா என்னைக் கட்டிப்பிடித்து, "உன் முகத்தில் உப்புக் காற்று இருக்கிறது" என்றா. உங்கள் முழங்கால் எப்படி? ஸ்டெயித்ஸ் இறக்கத்தில் நீங்கள் நடந்ததை நினைத்தால் இப்போதும் பயம்.

ஒரு விஷயம் உங்களுக்கு எழுத வேண்டும். மூன்றாம் நாள் காலை நீங்கள் மேலே போன பிறகு கீழே என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை.

குசினியில் நின்று நீங்கள் திரும்பிப் பார்க்காமல், "விமல், அந்தச் சீனியை எடு" என்றீர்கள். இராயப்பு சீனிப்போத்தலை எடுத்து உங்கள் கையில் தந்தார். நீங்கள் வாங்கினீர்கள், போட்டீர்கள், கலக்கினீர்கள். பிறகுதான் உங்களுக்கு விளங்கியது. கோப்பையை வைத்துவிட்டுப் படியேறிப் போனீர்கள்.

அவர் எழும்பி, வாசலில் கிடந்த சப்பாத்தைப் போட்டார். "நான் பஸ்ஸிலை போறன். லீட்ஸிலை ஒரு அறை எடுத்து நிப்பன்" என்றார். றம்யா போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். "அங்கிள், நீங்கள் போனால் மாமி தன்னாலைதான் போனியள் எண்டு நினைப்பா. அது அவவுக்கு இன்னும் நோகும். இருங்கோ." அண்ணை அவருக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றினார். அப்புறம், "எனக்கும் அந்தப் பேர் சில நேரம் வாயிலை வரும், தம்பி. இவ்வளவு நாளும் அதைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்கேல்லை" என்றார். இராயப்பு சப்பாத்தைக் கழற்றினார். நாங்கள் நாலு பேரும் நீங்கள் இறங்கி வரும்வரை விறாந்தையில் இருந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் ஒருவரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் ரொபின் ஹூட்ஸ் பேயில் நீங்கள் "நான் மேலை இருக்கிறன், இவரும் என்னோடை இருக்கட்டும்" என்று சொன்னபோது நான் திரும்பித் திரும்பிப் பார்த்தபடிதான் இறங்கினேன். கீழே போய்க் கடலை நான் பார்க்கவே இல்லை. திரும்பி ஏறி வரும்போது, பாதித் தெருவிலேயே அவருடைய குரல் கேட்டது. "ஓம் அக்கா! வடிவா யோசிச்சனான்! விமலின்ரை இடத்துக்கு நான் வரேல்லை! அது அவருக்குத்தான்! எனக்குப் பக்கத்திலை கொஞ்ச இடம் காணும்!" உங்கள் வாங்கில் நாயோடு இருந்த அந்த வெள்ளைக்காரத் தம்பதி எழும்பி வேறு வாங்குக்குப் போய்விட்டார்கள். நீங்களோ, "ஏன் ஐசே கத்துறீர், எனக்கென்ன காது கேக்காதோ?" என்று அதைவிடச் சத்தமாகக் கேட்டீர்கள். றம்யா தெருவிலேயே இருந்து சிரித்தாள். நானும் அண்ணையும் சுவரில் சாய்ந்து நின்றோம். நாங்கள் அழுதோமா சிரித்தோமா என்று தெரியாது. அதற்கு முன்னால் அவரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று அவர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

கலியாணம் வரும் ஜனவரி முப்பத்தோராம் திகதி, சனிக்கிழமை, எங்கள் பங்குக் கோயிலில். பாதர் சம்மதித்துவிட்டார். நீங்களும் அண்ணையும் வரவேண்டும்.

இன்னும் ஒன்று, நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை. விமல் கட்டிய தாலிக்கொடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது உங்கள் வீட்டுப் பொருள். கலியாணத்தன்று மன்னாரில் நீங்கள்தான் எனக்குப் பின்னால் நின்று அதன் சுரைத் திருகாணியை முறுக்கிப் பூட்டினீர்கள். நீங்கள் வரும்போது அதை உங்கள் கையிலேயே தந்துவிடவா? எது முறை என்று எனக்குத் தெரியவில்லை, மச்சாள். சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
றெஜி

*

லீட்ஸ்
5 ஒக்ரோபர் 2025

என் றெஜிக்கு,

நலமாக இருக்கிறோம். முழங்கால் வீங்கி இறங்கிவிட்டது. ஸ்டெயித்ஸ் அதற்குப் பெறுமதியானதுதான். அல்பேட் ஓய்வு எடுத்தது போதாதென்று வீட்டு வாசலில் நின்று கடற்பறவை வருகிறதா என்று பார்க்கிறார்.

மூன்றாம் நாள் நான் ஏன் மேலே போனேன் என்று நீங்கள் எல்லோரும் ஒன்றை நினைத்திருக்கிறீர்கள். அது அப்படி இல்லை. விமலின் கதிரையில் வேறொருவர் இருக்கிறார் என்று நான் அழவில்லை. அந்தப் பெயர் என் வாயில் வந்த நேரம், அவன் செத்துப்போனது எனக்கு நினைவில் இல்லை. குசினியில் தேத்தண்ணீர், வெளியே வெயில், பின்னால் என் தம்பி. அடக்கத்துக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு கணம் கிடைத்ததே இல்லை. அதை உடனே விட்டுவிட மனமில்லாமல் மேலே கொண்டுபோய், கட்டிலில் இருந்து கொஞ்சநேரம் வைத்திருந்தேன். அவ்வளவுதான். அந்த மனிதர் "நான் விமல் இல்லை" என்று சொல்லியிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது. அவர் சீனியைத் தந்தார். உன் பஸ்தரிப்பில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதினாயே, அதை நான் அன்றைக்குத்தான் நம்பினேன்.

இனித் தாலிக்கொடி. அதை என்னிடம் தராதே. எங்கள் வீட்டுப் பொருள் என்று நீ எழுதியதை வாசித்து எனக்கு மனம் நொந்தது. உன் கழுத்தில் ஏறிய நாளிலிருந்து அது உன்னுடையது. நீ வைத்திரு, பிறகு றம்யாவுக்குக் கொடு. அவளுடைய அப்பா அவளுக்கு விட்டுப்போனதாக இருக்கட்டும்.

ரொபின் ஹூட்ஸ் பேயில் நான் என்ன கேட்டேன் என்று அவர் சொல்லாதது நல்லது. நான்தான் சொல்லாதேயும் என்றேன். "உமக்கு அக்கா, தங்கச்சி ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன். "இல்லை அக்கா, நாங்கள் மூண்டும் பெடியள்!" என்று மலை எதிரொலிக்கச் சொன்னார்.

தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்குச் சகோதரியாக ஒருத்தி, பெண்ணுக்குப் பின்னால் நின்று சுரையைப் பூட்ட வேண்டும். அவர் பக்கத்தில் அதற்கு ஆளில்லை. வேறு யாரையும் கேட்காதீர்கள். நான் நிற்கிறேன். விமானச்சீட்டு எடுத்தாயிற்று, ஜனவரி இருபத்தெட்டு வந்து இறங்குகிறோம்.

தலைமுடியை உயர்த்திக் கொண்டை போட்டுக்கொள். எனக்கு இப்போது கண்ணும் குறைவு, கையும் கொஞ்சம் நடுங்கும். நீ அசையாமல் நின்றால் போதும், நான் பூட்டிவிடுவேன்.

உங்கள் மூன்று பேருக்கும் என் அன்பு.

மொனிகா மச்சாள்